பீட்டர் விடப் போய் பல்பு வாங்கிய கதை

போன வருஷம் எங்கள் கல்லூரியில் காமர்ஸ் அசோசியேஷன் தொடக்க விழா. வரவேற்புரை சொல்லும் வேலை என் தலையில் வந்து விழுந்தது. விழுந்தது என்று சொல்வதுகூடப் பொய்தான். நானே போய்க் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக்கொண்டது.

காரணம் இருக்கிறது. நான் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். பி.காம். சேர்ந்து முதல் வருஷம் முழுக்க, கடைசி பெஞ்சில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த கோஷ்டியில் நானும் ஒருவன். ஆனால் அந்த ஒரு வருஷமும் நான் சும்மா இருக்கவில்லை. ஹாஸ்டலில் சீனியர் ஒருவர் விட்டுவிட்டுப் போன வேர்டு லிஸ்ட் ஒன்று கையில் கிடைத்தது. ஜெராக்ஸ் காப்பி. தினம் 20 வார்த்தை மனப்பாடம். காலையில் பல் தேய்க்கும்போது பத்து, ராத்திரி படுக்கப் போகும்முன் பத்து. என்றைக்காவது ஒரு நாள் இந்த வகுப்புக்கு நான் யாரென்று காட்டுகிறேன் பார் என்று ஒரு வெறி.

அந்த நாளும் வந்தது. சிறப்பு விருந்தினர் ஊரிலேயே பெரிய ஆடிட்டர். நாற்பது வருஷ அனுபவம். நான் மைக்கைப் பிடித்து, தொண்டையைச் செருமி, அக்கவுண்டிங் துறைக்கு ஐயா ஆற்றியிருக்கும் 'எக்ரீஜியஸ்' சேவையை இந்த மன்றம் அறியும் என்று ஆங்கிலத்தில் முழங்கினேன்.

முன்வரிசையில் இரண்டு பேராசிரியர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் கர்ச்சீப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். ஆடிட்டர் ஐயா மட்டும் கொஞ்சமும் அசரவில்லை. தன் முறை வந்ததும் எழுந்து, "இத்தனை வருஷமா எல்லாரும் மனசுக்குள்ள நினைச்சதை, இந்தத் தம்பிதான் முதல் தடவையா மேடையில சொல்லியிருக்கார்" என்றார். அரங்கமே அதிர்ந்தது. என்ன ஜோக் என்று தெரியாமல் நானும் சேர்ந்து சிரித்தேன். அதுதான் கொடுமை!

பஸ்ஸில் திரும்பும்போதுதான் நண்பன் விஷயத்தை உடைத்தான். "டேய், அதுக்கு படுமோசமானதுன்னு அர்த்தம்டா."

ஹாஸ்டலுக்கு ஓடிப்போய் லிஸ்டை எடுத்துப் பார்த்தேன். அந்த வார்த்தைக்கு நேரே 'அவுட்ஸ்டாண்டிங்' என்றுதான் இருந்தது. ஆனால் ஜெராக்ஸ் எடுத்த புண்ணியவான் வலது ஓரத்தை வெட்டிவிட்டிருந்தார். அசலில் இருந்தது 'அவுட்ஸ்டாண்டிங்லி பேட்'. கடைசியில் இருந்த 'பேட்' வெட்டுப்பட்ட ஓரத்தோடு போய்விட்டது. அடுத்த இரண்டு மாசம் எனக்குப் பெயரே எக்ரீஜியஸ்தான். :-)

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 'அவுட்ஸ்டாண்டிங்' என்பது மற்றவர்களுக்குத்தான் பிரமாதம். காமர்ஸ் படிக்கிறவனுக்கு அவுட்ஸ்டாண்டிங் சாலரி என்றால் இன்னும் கொடுபடாத சம்பளம். ஒரே வார்த்தை, ஒரு இடத்தில் பாராட்டு, இன்னொரு இடத்தில் பாக்கி. இதைத் தினமும் வகுப்பில் எழுதிக்கொண்டிருந்தவன்தான், ஒரு வார்த்தைக்கு எதிரே ஒரு வார்த்தை போட்டால் முடிந்தது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அவமானம் கொஞ்சம் ஆறியதும் லைப்ரரிக்குப் போய் அங்கிருந்த பெரிய டிக்‌ஷனரியைப் பிரித்தேன். இந்த வார்த்தை மேல் எனக்குத் தீர்க்க வேண்டிய கணக்கு ஒன்று இருந்ததே! லத்தீனில் 'கிரெக்ஸ்' என்றால் மந்தை. மந்தையில் இருந்து தனியாக வெளியே தெரிவதுதான் எக்ரீஜியஸ். நம் மார்க்‌ஷீட்டில் வரும் 'அக்ரிகேட்' கூட அதே மந்தையில் பிறந்ததுதான். அக்ரிகேட் என்றால் மந்தையில் சேர்ப்பது, செக்ரிகேட் என்றால் மந்தையில் இருந்து பிரிப்பது. ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் எக்ரீஜியஸ் நல்ல வார்த்தையாகத்தான் இருந்திருக்கிறது. கூட்டத்தில் தனித்துத் தெரிகிற அளவுக்குச் சிறந்தவர் என்று அர்த்தம். போகப் போகக் கிண்டலாகச் சொல்லிச் சொல்லியோ என்னவோ, பொருள் தலைகீழாகிவிட்டது. அதாவது நான் சொன்னது தப்பே இல்லை. என்ன, நானூறு வருஷம் லேட்டாகச் சொல்லிவிட்டேன்!

படித்ததும் சிரிப்பு வந்தது. கூடவே இன்னொன்றும் ஞாபகம் வந்தது. நம் 'நாற்றம்'. பழைய இலக்கியத்தில் நாற்றம் என்றால் நல்ல மணம். இன்றைக்கு யாரிடமாவது போய் "உங்கள் மேல் நாற்றம் வருகிறது" என்று சொல்லிப் பாருங்கள், என்ன கிடைக்கிறது என்று தெரியும். எக்ரீஜியஸ் போன அதே பாதையில்தான் நாற்றமும் போயிருக்கிறது. அன்றைக்குத்தான் எனக்கு ஆங்கில வார்த்தைகள் மேல் இருந்த பயம் முதல் தடவையாக விட்டுப்போனது. அவையும் நம்மூர் வார்த்தைகள் மாதிரி ஊர் சுற்றி, அடிபட்டு, குணம் மாறி வந்தவைதானே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அபூர்வமான வார்த்தைகளை லிஸ்ட் போட்டு மனப்பாடம் செய்வது வீண் வேலை என்பது என் கட்சி. புத்தகத்தில் போய்ப் பார்க்க வேண்டும். அதுவும் அடுத்தவன் மேல் வீசுவதற்காக இல்லை. வேறு ஒரு காரணத்துக்காக. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஜெர்மனியில் எபிங்ஹாஸ் என்று ஒருவர். அர்த்தமே இல்லாத ஓரசைச் சொற்களை ஆயிரக்கணக்கில் தானே உருவாக்கி, தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று தன்னையே எலியாக வைத்து ஆராய்ச்சி செய்தார். 1885-ல் அதைப் புத்தகமாகவும் போட்டார். படித்ததில் பெரும்பகுதி முதல் நாளிலேயே காணாமல் போய்விடுகிறது என்பதுதான் முடிவு. அவர் வேண்டுமென்றே அர்த்தமில்லாத சொற்களை எடுத்துக்கொண்டார், பழைய ஞாபகம் எதுவும் குறுக்கே வரக்கூடாது என்று. நாம் லிஸ்டில் படிக்கிற வார்த்தையும் கிட்டத்தட்ட அதே நிலைமைதான். அதை யார் சொன்னார்கள், யாரிடம் சொன்னார்கள், கோபத்திலா கிண்டலிலா, ஒன்றும் தெரியாது. ஒட்டிக்கொள்ள மண்டைக்குள் ஓர் ஆணிகூட இல்லை. அப்புறம் எப்படி நிற்கும்?

"அப்படியானால் நம் முன்னோர்கள் நிகண்டை உருப்போட்டார்களே, அவர்கள் என்ன முட்டாள்களா?" என்று என் ரூம்மேட் கேட்டான். நல்ல கேள்விதான். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் மண்டலபுருடர் செய்த சூடாமணி நிகண்டை நெட்டுருப் போட்டவர்கள்தான். ஆனால் நிகண்டு செய்யுளில் இருக்கிறது. எதுகையும் மோனையும் அடுத்த வரியைக் கையைப் பிடித்து இழுத்துவரும். தேவர் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர் என்று உறவுமுறை பார்த்துக் குடும்பம் குடும்பமாக வைத்திருக்கிறார்கள். அதோடு முடியவில்லை. நிகண்டை முடித்த பையன் நேரே இலக்கியத்துக்குப் போவான், அங்கே அதே சொற்கள் உயிரோடு வரும். நிகண்டு அவனுக்கு வாசல்படி. என் லிஸ்ட் எந்த வீட்டுக்கும் வாசல்படி இல்லை. ஏ-யில் ஆரம்பித்து இஸட்டில் முடிகிற ஒரு மதில்சுவர்.

இன்னொரு உண்மையைச் சொன்னால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். டிக்‌ஷனரி என்பதே படிப்பில் இருந்து பிறந்ததுதான். சாமுவேல் ஜான்சன் 1755-ல் தன் அகராதியை வெளியிட்டபோது, கண்ணில் கண்ட புத்தகத்தையெல்லாம் படித்து, அடிக்கோடு போட்டு, அதில் இருந்து ஒரு லட்சத்துக்கும் மேல் மேற்கோள்களை எடுத்து வைத்திருந்தார். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் கதை இன்னும் சுவாரஸ்யம். 1879-ல் அதன் ஆசிரியர் ஜேம்ஸ் மர்ரே பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். புத்தகங்களைப் படியுங்கள், வித்தியாசமான வார்த்தை கண்ணில் பட்டால் அது வந்த வாக்கியத்தோடு ஒரு துண்டுச்சீட்டில் எழுதி அனுப்புங்கள் என்று. மூட்டை மூட்டையாகச் சீட்டுகள் வந்து குவிந்தன. அப்படி அனுப்பியவர்களில் முக்கியமானவர் டபிள்யூ. சி. மைனர் என்ற அமெரிக்க ராணுவ டாக்டர். 1872-ல் மனநோயின் பிடியில் லண்டனில் ஒருவரைச் சுட்டுக் கொன்றுவிட்டு, பிராட்மூர் மனநலக் காப்பகத்தில் அடைபட்டிருந்தவர். அங்கே உட்கார்ந்துகொண்டு ஆயிரக்கணக்கான மேற்கோள்களை வருஷக்கணக்கில் அனுப்பிக்கொண்டிருந்தார்.

பத்து வருஷத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். ஐந்து வருஷம் கழித்து, 1884-ல் வந்த முதல் பகுதி 'ஆன்ட்' வரைக்கும்தான் வந்திருந்தது. அதாவது எறும்பு! மர்ரே 1915-ல் இறந்தபோதும் வேலை முடியவில்லை. முதல் உலகப்போர் முடிந்த பிறகு டபிள்யூ எழுத்தில் கொஞ்ச நாள் வேலை பார்த்தவர் பின்னாளில் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கின். எல்லாம் முடிந்து முழு அகராதியும் வந்தபோது வருஷம் 1928. நான்கு லட்சத்துக்கும் மேல் சொற்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஒருவர் ஒரு புத்தகத்தைப் படித்திருக்கிறார். அவர்கள் படித்துச் சேர்த்ததைத்தான் நாம் படிக்காமல் உருப்போடப் பார்க்கிறோம்.

லிஸ்டைத் தூக்கிப் போட்ட பிறகு நான் எடுத்த முதல் நாவல் ஆர்.கே. நாராயண் எழுதிய 'த ஃபைனான்ஷியல் எக்ஸ்பர்ட்'. தலைப்பைப் பார்த்து ஏதோ பாடப்புத்தகம் என்று நினைத்து எடுத்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. 1952-ல் வந்த நாவல். மார்கய்யா என்று ஒருவர் மால்குடியில் கூட்டுறவு நில அடமான வங்கிக்கு எதிரே, ஆலமரத்தடியில் ஒரு தகரப்பெட்டியோடு உட்கார்ந்திருப்பார். பேங்கில் எப்படிக் கடன் வாங்குவது என்று விவசாயிகளுக்கு வழி சொல்லிக் காசு பார்ப்பவர். பிறகு ஊரார் பணத்தை அதிக வட்டிக்கு டெபாசிட்டாக வாங்கிப் பெரிய ஆளாகி, கடைசியில் எல்லாம் போய் மறுபடி அந்தத் தகரப்பெட்டிக்கே வந்து நிற்பார். நாராயணின் ஆங்கிலம் ரொம்ப எளிமை. டிக்‌ஷனரியைத் தொட வேண்டிய அவசியமே அதிகம் வரவில்லை. ஆனால் அந்த பேங்கின் பெயரில் வருகிற 'மார்ட்கேஜ்' என்ற வார்த்தை, பாடப்புத்தகத்தில் நூறு தடவை பார்த்தும் உறைக்காதது, அந்த மரத்தடியில்தான் எனக்கு உறைத்தது. தேடிப் பார்த்தால், பழைய ஃபிரெஞ்சில் 'செத்த அடமானம்' என்று பொருளாம். கடனைக் கட்டிவிட்டால் அடமானம் செத்தது. கட்டாவிட்டால் நிலம் உனக்குச் செத்தது.

அதில் இருந்து எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்துக்கொண்டது. நம் பாடத்தில் வருகிற ஒவ்வொரு வார்த்தையையும் பிடித்து "நீ யார் பெத்த பிள்ளை?" என்று விசாரிக்க ஆரம்பித்தேன்.

'பேங்க்ரப்ட்' இத்தாலிக்காரர்களுடையது. உடைந்த பெஞ்சு என்று அர்த்தம். அந்தக் காலத்தில் பணம் மாற்றுபவர்கள் சந்தையில் பெஞ்சு போட்டுத்தான் வியாபாரம் செய்தார்கள். பேங்க் என்பதே அந்த பெஞ்சுதான். 'கம்பெனி' என்றால் சேர்ந்து ரொட்டி சாப்பிடுகிறவர்கள். 'லெட்ஜர்' என்றால் ஒரே இடத்தில் கிடக்கிற புத்தகம். 'டாலி' என்றதும் நமக்கு லேபில் இருக்கும் சாஃப்ட்வேர்தான் ஞாபகம் வரும். ஆனால் அது வெட்டுக்குறி போட்ட குச்சி. இங்கிலாந்து கஜானாவில் கொடுக்கல் வாங்கலை மரக்குச்சியில் வெட்டிக் குறித்து, குச்சியை இரண்டாகப் பிளந்து ஆளுக்குப் பாதி வைத்துக்கொள்வார்கள். 1826 வரை இந்தப் பழக்கம் இருந்திருக்கிறது. பிறகு குவிந்து கிடந்த குச்சிகளை 1834-ல் பார்லிமென்ட் கட்டடத்து அடுப்பில் போட்டு எரித்தார்கள். தீ பரவி பார்லிமென்டே எரிந்துபோனது! பழைய கணக்கை எரிக்கப் போய் வீட்டை எரித்த கதை. இதைப் படித்த பிறகு டாலி என்ற வார்த்தையை யாராலாவது மறக்க முடியுமா?

'ஆடிட்' என்றால் கேட்பது. ஆடியோ, ஆடிட்டோரியம் எல்லாம் அதன் சொந்தக்காரர்கள். அப்போதெல்லாம் கணக்கை உரக்கப் படிப்பார்கள். ஆடிட்டர் உட்கார்ந்து காதால் கேட்டுத் தப்பு கண்டுபிடிப்பார். என் வரவேற்புரையைக் கேட்டு எங்கள் சிறப்பு விருந்தினர் கண்டுபிடித்த மாதிரி.

இப்படித் தேடிப் போகும்போதுதான் நம்ம ஊர் ஆட்களையும் அங்கே சந்தித்தேன். கட்டுமரம், சுருட்டு, வெட்டிவேர் எல்லாம் கேட்டமரான், செரூட், வெட்டிவெர் என்று கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு ஆங்கில அகராதியில் உட்கார்ந்திருக்கிறார்கள். நம் மிளகுத்தண்ணீர் அங்கே மல்லிகடானி சூப். கொரண்டம் என்ற கடினமான கனிமத்தின் பெயர் நம் குருந்தத்தில் இருந்து போனது. எனக்கு ரொம்பப் பிடித்தது 'கேஷ்'. அகராதியில் அதற்கு இரண்டு தனித்தனிப் பதிவுகள். ரொக்கம் என்று நாம் சொல்லும் கேஷ், பெட்டி என்று பொருள்படும் ஐரோப்பியச் சொல்லில் இருந்து வந்தது. இன்னொரு கேஷ் சின்ன நாணயத்தின் பெயர். அது நம் காசு, போர்ச்சுகீசியர் வாய் வழியாகப் போனது. கம்பெனி காலத்து மெட்ராஸில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று கணக்கு எழுதியிருக்கிறார்கள். இந்த மாதிரி வார்த்தைகளை எல்லாம் திரட்டி 1886-ல் 'ஹாப்சன் ஜாப்சன்' என்று ஒரு அகராதியே வந்திருக்கிறது. செய்த இருவரில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். ஆங்கிலம் ஏதோ அடுத்தவன் வீடு, நாம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டும் என்றே முதல் வருஷம் முழுக்க நினைத்திருந்தேன். உள்ளே நம் சனங்கள் ஏற்கெனவே பாய் விரித்துப் படுத்திருப்பது அப்போது தெரியாது.

"இதெல்லாம் சரிப்பா, அரிய வார்த்தையால் என்ன பிரயோஜனம்? எளிமையாகப் பேசினால் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஜார்ஜ் ஆர்வெல் 1946-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலும் அதைத்தான் சொல்கிறார். சின்ன வார்த்தை போதும் என்றால் பெரிய வார்த்தையைப் போடாதே என்று. இன்னொரு பக்கம் நம் சசி தரூர். 2017-ல் அவர் ட்விட்டரில் 'ஃபராகோ' என்று போட்டதும் ஆன்லைன் டிக்‌ஷனரிகளில் கூட்டம் அலைமோதியது. கலப்படக் குவியல் என்று பொருள். லத்தீனில் மாட்டுக்கு வைக்கும் கலப்புத் தீவனம்! மறு வருஷம் தன் புத்தகத்தை அறிமுகப்படுத்தும்போது 29 எழுத்தில் ஒரு வார்த்தையைப் போட்டார். ஒன்றுக்கும் உதவாதது என்று ஒரு பொருளை ஒதுக்கித் தள்ளுவது என்று அர்த்தம். அதைத் தமிழில் எழுதினால் என் விரல் சுளுக்கிக்கொள்ளும். பத்திரிகைகள் எல்லாம் ஒரு வாரம் அதையே பேசின. தரூர் சொன்னால் ரசிக்கிறோம். நானும் என் தோழர்களும் சொன்னால் பீட்டர் விடுகிறான் என்கிறோம். இதில் கொஞ்சம் அநியாயம் இருக்கிறதுதான். ஆனால் அவர் அந்த வார்த்தைகளோடு சின்ன வயதில் இருந்து பழகியவர். நான் பல் தேய்க்கும்போது இரண்டு நிமிஷம் பார்த்தவன். வித்தியாசம் தெரியாமலா போகும்?

எழுதும்போதும் பேசும்போதும் நான் ஆர்வெல் கட்சிதான். சின்ன வார்த்தை போதும். ஆனால் படிக்கும்போது அந்தக் கட்சியில் இருந்தால் கதை கந்தல். ஏனென்றால் நான் எளிமையாகப் பேசுவேன், உலகம் என்னிடம் எளிமையாகப் பேசாது. இதற்குத்தான் கடைசியில் சொல்கிறேன் என்று ஒரு விஷயத்தை நிறுத்தி வைத்திருந்தேன். இதுவரை என் நண்பர்களிடம்கூடச் சொன்னதில்லை.

நான் பதினொன்றாவது படிக்கும்போது நடந்தது. அப்பா டெய்லர். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சின்னக் கடை. அப்பாவின் நண்பர் ஒருவர் குட்டியானை வண்டி வாங்குவதற்கு ஒரு ஃபைனான்ஸில் மூன்று லட்சம் கடன் எடுத்தார். ஜாமீன் கையெழுத்துப் போட இரண்டு பேர் வேண்டும். அப்பாவும் இன்னொருவரும். பத்திரம் முழுக்க ஆங்கிலம். அப்பா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். "நீதான் படிக்கிற பையன். என்ன போட்டிருக்குன்னு பார்த்துச் சொல்லு சாமி."

அதில் ஓர் இடத்தில் 'ஜாயிண்ட்லி அண்ட் செவரலி' என்று இருந்தது. எனக்கு செவரல் தெரியும். பத்தாவது ஆங்கிலத்தில் வந்திருக்கிறது. செவரல் என்றால் பல. "பல பேர் சேர்ந்து பொறுப்புன்னு போட்டிருக்குப்பா. உங்களுக்கு ஒரு பங்குதான் வரும்" என்று நான் தெளிவாகச் சொன்னேன். அப்பா கையெழுத்துப் போட்டார்.

நண்பர் ஏழு தவணை கட்டினார். அப்புறம் வண்டியும் இல்லை, ஆளும் இல்லை. இன்னொரு ஜாமீன்தாரர் வேலை தேடித் திருப்பூர் போய்விட்டார். கடை போட்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தது அப்பா மட்டும்தான். ஃபைனான்ஸ்காரர்கள் முழுப் பாக்கியையும் அவரிடம் கேட்டார்கள். "மூணு பேர்ல நான் ஒருத்தன்தானே, மூணுல ஒரு பங்கு கட்டறேன்" என்று அப்பா சொன்னது எடுபடவில்லை. அம்மாவின் வளையல் போனது. மூன்று வருஷம் கட்டினோம்.

பி.காமில் பிசினஸ் லா வந்தபோதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 128-வது பிரிவு. ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்காரரின் பொறுப்புக்கு 'கோ-எக்ஸ்டென்சிவ்' என்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி போட்டிருந்தால் ஒழிய, அவருக்கு எவ்வளவோ இவருக்கும் அவ்வளவு. ஜாயிண்ட்லி அண்ட் செவரலி என்றால், சேர்ந்தும் பொறுப்பு, தனித்தனியாக ஒவ்வொருவரும் முழுத்தொகைக்கும் பொறுப்பு. செவரல் என்ற வார்த்தைக்குப் பல என்பது பின்னால் வந்த அர்த்தம். 'தனித்தனி' என்பதுதான் ஆதி அர்த்தம். செபரேட் என்ற வார்த்தையின் உடன்பிறப்பு அது.

அந்த வகுப்பில் நான் தலையைத் தூக்கவில்லை. எக்ரீஜியஸ் எனக்கு இரண்டு மாசக் கேலியைத் தந்தது, போயிற்று. செவரலி என் அம்மாவின் வளையலைக் கொண்டுபோனது. இத்தனைக்கும் அது தெரியாத வார்த்தை இல்லை. தெரியும் என்று நான் நினைத்த வார்த்தை. ஒரு வார்த்தைக்கு எதிரே ஒரு அர்த்தம் என்று படித்த படிப்பு அங்கேதான் காலை வாரியது.

சில மாசம் கழித்து ஒரு பழைய ஆங்கில நாவலில், நண்பர்கள் பிரிந்து போகும் இடத்தில், தங்கள் 'செவரல்' வழிகளில் போனார்கள் என்று வந்தது. பல வழி இல்லை, அவரவர் வழி. இந்த மாதிரி ஒரு வாக்கியத்தைப் பதினொன்றாவதில் எங்கேயாவது படித்திருந்தால், அன்றைக்கு அந்தப் பத்திரத்தில் கொஞ்சமாவது சந்தேகம் வந்திருக்கும். "எனக்குச் சரியாகத் தெரியவில்லை, யாரையாவது கேட்போம்ப்பா" என்றாவது சொல்லியிருப்பேன். அப்பா இதுவரை ஒரு வார்த்தை என்னைக் குறை சொன்னதில்லை. கேட்டால், "நீ என்னடா பண்ணுவ, கையெழுத்துப் போட்டது நானு" என்பார்.

அதனால்தான் சொல்கிறேன். அபூர்வ வார்த்தை வாய்க்கு இல்லை, காதுக்கு. அடுத்தவர் மேல் வீசுவதற்கு இல்லை, நம் மேல் வீசப்படுவது என்ன என்று தெரிந்துகொள்வதற்கு. ஆடிட் என்ற வார்த்தை முதலில் சொன்னதும் அதைத்தானே? கணக்குக் கேட்க வேண்டும் என்றால் முதலில் காது வேண்டும்.

இப்போது நான் செய்வது ரொம்பச் சாதாரணம். படிக்கும்போது தெரியாத வார்த்தைக்காக நிற்பதில்லை. நின்றால் கதை போய்விடும். பென்சிலால் லேசாக ஒரு புள்ளி. இரண்டாவது தடவை அதே வார்த்தை வேறு எங்காவது எதிரில் வந்தால் அப்போது டிக்‌ஷனரி. மர்ரேவுக்கு அனுப்பிய மாதிரியே, அது வந்த வாக்கியத்தோடு ஒரு துண்டுச்சீட்டில் எழுதிவைக்கிறேன். வேர் என்ன என்று பார்க்கிறேன். மூன்று வெவ்வேறு இடங்களில் பார்த்துப் பழகும் வரை வாயில் இருந்து விடுவதில்லை. பட்ட அனுபவம் அப்படி.

ஊகத்தை மட்டும் நம்பவும் கூடாது. 'பிமியூஸ்ட்' என்ற வார்த்தையைக் கதைகளில் பார்த்துப் பார்த்து, லேசாகப் புன்னகைப்பவர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். 'அமியூஸ்ட்' மாதிரி இருக்கிறதே! பார்த்தால், குழம்பிப் போனவராம். நாவல் வார்த்தையை அறிமுகம் செய்துவைக்கும். ஆதார் கார்டைச் சரிபார்ப்பது டிக்‌ஷனரியின் வேலை. இரண்டும் வேண்டும். வேகமும் ரொம்பக் குறைவுதான். லிஸ்டில் ஒரு மாசத்தில் 600 வார்த்தை 'முடித்தவன்', இப்படிப் படித்து ஒரு வருஷத்தில் 140 சீட்டுதான் சேர்த்திருக்கிறேன். ஆனால் அந்த 140-ல் எதை எடுத்து நீட்டினாலும், அது எந்தப் புத்தகத்தில், யார் வாயில் இருந்து வந்தது என்று சொல்லிவிடுவேன். அந்த 600-ல் இன்றைக்கு ஞாபகம் இருப்பது ஒன்றே ஒன்றுதான். எது என்று சொல்ல வேண்டியதில்லை. :-)

இந்த வருஷமும் அசோசியேஷன் விழா நடந்தது. நன்றியுரைக்கு என்னைத்தான் கூப்பிட்டார்கள், கேலிக்காகவோ என்னவோ. போய் நின்று நான்கு நிமிஷம் ஆங்கிலத்தில் பேசினேன். யாருமே டிக்‌ஷனரி பார்க்க வேண்டிய வார்த்தை ஒன்றுகூட அதில் இல்லை. முன்வரிசையில் கர்ச்சீப் எதுவும் வெளியே வரவில்லை.

போன மாசம் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் ஏதோ லோன் பேப்பரை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் வந்திருக்கிறார். அப்பா அவரிடம், "பையன் ஞாயித்துக்கிழமை வருவான். அவன் படிச்சுப் பார்த்துச் சொல்லட்டும், அதுவரைக்கும் கையெழுத்துப் போடாதீங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போனேன். டிக்‌ஷனரியையும் எடுத்துக்கொண்டுதான் போனேன்.